பழைய 911-க்கு டயர் வாங்கும்போது நான் பார்ப்பவை

ஸ்டுட்கார்ட்டில் வேலைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து 1982-ஆம் ஆண்டின் போர்ஷே 911 எஸ்சி ஒன்றை வாங்கினேன். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 204 குதிரைத்திறன், காற்றால் குளிரும் இன்ஜின். அந்த இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. காரின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பின் சக்கரங்களின் மேல்தான். டயர் பற்றி நான் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

பழைய வேகக் கார்கள் வைத்திருப்பவர்கள் கூடினால் டயர் பேச்சு வராமல் இருக்காது. பேச்சு வந்ததும் முதல் கேள்வி "எவ்வளவு அகலம்?" என்பதுதான். அகலத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் டயரின் மொத்த விட்டம், அடுத்து முன்னும் பின்னும் பொருந்துகிற ஜோடி, பிறகு வேகக் குறியீடும் சுமைக் குறியீடும், அதற்குப் பிறகு டயரின் வயது. இவை எல்லாம் சரியாக அமைந்தால் அகலம் தானாகவே முடிவாகிவிடும்.

நான் வாங்கியபோது காரில் நான்கு சக்கரங்களிலும் 205/50 ஆர் 15 டயர்கள் இருந்தன. பட்டன் (சாலையைத் தொடும் பகுதியின் வரிப்பள்ளங்கள்) ஆழமாக இருந்தது, பார்வைக்குப் புதிதுபோலத் தெரிந்தது. ஆனால் 15 அங்குலச் சக்கரத்தோடு வந்த எஸ்சிக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு வேறு. முன்னால் 6 அங்குல அகல ரிம்மில் 185/70 விஆர் 15, பின்னால் 7 அங்குல ரிம்மில் 215/60 விஆர் 15. இந்த எண்களை ஒருமுறை காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அவற்றின் அழகு புரியும்.

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 185-இல் 70 சதவீதம் 129.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், அதாவது 259. அதோடு 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ. சேர்த்தால் 640. பின் டயருக்கு 215-இல் 60 சதவீதம் 129, இருமடங்கு 258, 381-ஐச் சேர்த்தால் 639. ஒன்றுக்கொன்று முப்பது மில்லிமீட்டர் அகல வித்தியாசம் உள்ள இரண்டு டயர்கள் உயரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபடுகின்றன. 16 அங்குலச் சக்கரம் கேட்டு வாங்கியவர்களுக்கு 205/55, 225/50 என்ற ஜோடி வந்தது. அதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: முன் டயர் 631.9, பின் டயர் 631.4. ரிம்மும் அகலமும் மாறியபோதும் முன் பின் உயரத்தைச் சமமாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்போது 205/50 ஆர் 15-ஐப் பார்ப்போம். 381 கூட்டல் 205, மொத்தம் 586. தொழிற்சாலை அளவைவிட 54 மி.மீ. குறைவு, எட்டு சதவீதத்துக்கும் மேல். கார் 27 மி.மீ. தாழ்ந்து நிற்கும். ஒரே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுழலும். வேகமானி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். என் கைபேசியின் ஜிபிஎஸ் 130 என்று காட்டியபோது வேகமானி முள் 140-ஐத் தாண்டி நின்றது. ஐந்தாவது கியரில் நெடுஞ்சாலையில் போகும்போதுகூட நான்காவது கியரில் போவது போன்ற இரைச்சல். கியர்பெட்டியில் கோளாறு என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பத் தோன்றியிருக்கும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு சாக்பீஸ் போதும். கார் சமதளத்தில் நிற்கட்டும். டயரின் வால்வ் நேர் கீழே வரும்போது தரையில் ஒரு கோடு போடுங்கள். காரை மெல்லத் தள்ளி, வால்வ் மறுபடி அதே இடத்துக்கு வரும்போது இன்னொரு கோடு. இடைப்பட்ட தூரம்தான் ஒரு சுற்றுக்கு டயர் உருளும் நீளம். எடையின்கீழ் டயர் சற்று அமுங்குவதால் அது விட்டத்தின் 3.14 மடங்காக வராது. ரேடியல் டயருக்கு (அளவில் வரும் 'ஆர்' என்ற எழுத்து குறிப்பது இந்த வகையைத்தான்) ஏறக்குறைய 3.05 மடங்கு வரும். 640 மி.மீ. டயர் 195 செ.மீ. உருள வேண்டும். என் காரில் அளந்தபோது 179-ஐ ஒட்டி வந்தது. கராஜின் சிமெண்டுத் தரையில் அந்த இரண்டு வெள்ளைக் கோடுகளைப் பார்த்த அன்றே அந்த டயர்களை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

உயரத்தைவிடப் பெரிய கேடு ஒன்று இருந்தது: நான்கும் ஒரே அகலம். 911 பிறந்த காலத்தில் நான்கு சக்கரங்களும் ஒரே அளவுதான். 1964-இல் மெல்லிய 165 டயர்கள். சக்தி கூடக் கூடப் பின்பக்கத்துக்கு அதிகப் பிடிப்பு தேவைப்பட்டது. 1973-ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் 2.7 முன்னால் 6 அங்குலம், பின்னால் 7 அங்குலம் என்று ரிம்களைப் பிரித்து, 185/70, 215/60 ஜோடியைப் போட்டது. எஸ்சிக்கு வந்து சேர்ந்ததும் அதே ஜோடிதான். பின் இன்ஜின் காரில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது, அந்தக் கனமான வால் வெளியே வீசப் பார்க்கிறது. அதை அடக்கி வைப்பதில் பெரும்பங்கு பின் டயரின் கூடுதல் அகலத்துக்கு உண்டு. முன்னாலும் 205, பின்னாலும் 205 என்று போடும்போது முன்பக்கத்தின் பிடிப்பைக் கூட்டி, பின்பக்கத்தின் பிடிப்பைக் குறைக்கிறோம். இரண்டு தவறுகளும் ஒரே திசையில் இழுக்கின்றன.

பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் போகும் கருங்காட்டு மலைச்சாலையில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பழைய டயர்களோடு ஓட்டிய நினைவு இன்னும் இருக்கிறது. வேகம் ஒன்றும் அதிகமில்லை. இடப்பக்க வளைவொன்றில் முன்னால் ஒரு சைக்கிள் தெரிய, காலைச் சற்றே எடுத்தேன். இருக்கையின் அடியில் பின்பக்கம் நழுவுவது தெளிவாகத் தெரிந்தது. ஸ்டீயரிங்கை அரை விரல் அளவு எதிர்ப்பக்கம் திருப்பியதும் அடங்கிவிட்டது. சரியான ஜோடியைப் போட்ட பிறகு அதே சாலையில், அதே மாதிரி ஈரத்தில் ஓட்டியிருக்கிறேன். காலை எடுத்தால் முன்பக்கம் மெல்ல உள்ளே திரும்புகிறது, பின்பக்கம் சாலையை விடுவதில்லை. இந்தக் கார் ஆபத்தானது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் ஒரு பங்காவது பொருந்தாத டயர்களைச் சேர வேண்டும்.

டயர் தேடப் போனபோது ஒரு பெரிய டயர் கடையில் விற்பனையாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "215/60 வி வரவழைக்க நாளாகும். 195/65 ஆர் 15 கையிருப்பில் இருக்கிறது, நான்கும் போட்டுவிடலாம், விட்டம் ஒன்றுதான்" என்றார். விட்டம் பற்றி அவர் சொன்னது உண்மை. 634.5 மி.மீ.; ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். குடும்பக் கார்களில் நெடுங்காலம் புழங்கிய அளவு, விலையும் மலிவு. ஆனாலும் நான் வாங்கவில்லை. முன்னும் பின்னும் ஒரே அகலம் என்ற சிக்கல் அப்படியே இருக்கிறது. 7 அங்குலப் பின் ரிம், 195/65 ஏற்கிற அகலத்தின் கடைசி எல்லை. அவர் காட்டிய டயரின் பக்கச்சுவரில் 91எச் என்று இருந்தது. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. என் காரின் உச்ச வேகம் 235. நான் அந்த வேகத்தில் போவேனா என்பது கேள்வியே இல்லை. ஜெர்மனியில் கோடைக்கால டயர் காரின் உச்ச வேகத்துக்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். வெப்பத்தையும் மையவிலக்கு விசையையும் எவ்வளவு தாங்கும் என்பதையும் அந்த எழுத்துதான் சொல்கிறது.

குறியீட்டில் பழைய கார்க்காரர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அளவின் நடுவிலேயே விஆர் என்று எழுதினார்கள். 210-க்கு மேல் என்று பொருள், மேல் எல்லை கிடையாது. இப்போது கடைசியில் வரும் வி 240 வரை, டபிள்யூ 270 வரை. ஆகவே 235 கி.மீ. காருக்கு வி போதும். டபிள்யூ கிடைத்தால் இன்னும் நல்லது. சுமைக் குறியீட்டையும் விட்டுவிடக் கூடாது. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ, 94 என்றால் 670 கிலோ. பின்பக்கம் கனமான காரில் இந்த எண்ணைப் பின் டயரில்தான் முதலில் தேடுகிறேன்.

இன்னும் பழைய கார்களில் பக்கச்சுவர்ச் சதவீதமே எழுதப்பட்டிருக்காது. 185 விஆர் 15 என்று மட்டும் இருந்தால் அதை ஏறக்குறைய 80, 82 சதவீதம் என்று கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக 185/65 வாங்கிப் போட்டால் கார் நொண்டுவதுபோல நிற்கும். 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் 6.40-15 என்ற டன்லப் கிராஸ்பிளை டயரோடு (உள்ளே நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் பழைய வகை) வந்தது. அதில் அகலமும் அங்குலக் கணக்குதான். பிற்பாடு அதே காருக்கு 185 அளவு ரேடியல் வந்தது. ரேடியலுக்கு மாறுவதாக இருந்தால் நான்கையும் மாற்ற வேண்டும். கிராஸ்பிளை இரண்டு, ரேடியல் இரண்டு என்று கலந்து போடுவது ஜெர்மனியில் கார்களுக்குத் தடை செய்யப்பட்டது, தடை இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதது.

டயர் வாங்குவதற்கு முன் ரிம்மைப் படியுங்கள். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் ஆரங்களின் பின்பக்கத்தில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். என் காரின் ஃபுக்ஸ் நிறுவன அலுமினியச் சக்கரங்களில் பிரேக் தூசி படிந்து கறுத்துக் கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்த பிறகு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் 6ஜே, 7ஜே என்ற எழுத்துகள் தெரிந்தன; எண் ரிம்மின் அகலம், ஜே அதன் விளிம்பின் வடிவம். முன் ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் சக்கரம் காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) 36 மி.மீ., பின் ரிம்முக்கு 23.3. நாற்பது ஆண்டுகளில் ஒரு கார் எத்தனை கைகள் மாறியிருக்கும்! பின்னால் இருக்க வேண்டிய ரிம் முன்னால் இருக்கலாம், அசலைப் போலச் செய்த போலியும் இருக்கலாம். ஆவணத்தை நம்பி டயர் வாங்காமல், கண்ணால் பார்த்த ரிம்மை நம்பி வாங்குங்கள். ஒவ்வொரு டயர் அளவும் குறிப்பிட்ட ரிம் அகலங்களைத்தான் ஏற்கும். 185/70 டயருக்கு 6 அங்குலமே மேல் எல்லை. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. விரியும், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையாத கார்களில் அந்த 5 மி.மீ. பெரிய விஷயம்.

உரசுகிறதா என்று பார்க்க நான் நம்புவது குழந்தைகள் விளையாடும் களிமண்ணை. சின்னச் சின்ன உருண்டைகளாக்கி மட்கார்டின் உள்விளிம்பிலும் சஸ்பென்ஷன் பக்கத்திலும் ஒட்டிவிட்டு, பின் இருக்கையில் சுமையும் முன்னால் ஒரு நண்பருமாக மெதுவாக ஒரு சுற்று. வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும் எந்த உருண்டை நசுங்கியிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று அளந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பழைய கார்களின் உடல் இடமும் வலமும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்துப்போவதில்லை.

கார்ல்ஸ்ரூவில் இருக்கும் ஒரு தம்பி பியூஜோ 205 ஜிடிஐ 1.9 வைத்திருக்கிறார். அவருக்கும் இதே தலைவலி. "அண்ணா, 185/55 ஆர் 15 தேடித் தேடி அலுத்துவிட்டேன். 195/50 போட்டால் தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை என்றேன். 584.5 மி.மீ.க்குப் பதில் 576, ஒன்றரை சதவீதத்துக்குள்தான். இரண்டுமே 82 என்ற சுமைக் குறியீட்டில் கிடைக்கின்றன, 6 அங்குல ரிம்மில் இரண்டும் உட்காரும். முன் சக்கர இழுப்புக் கார், நான்கும் ஒரே அளவு. 911-இல் இருக்கும் ஜோடிச் சிக்கல் அங்கே இல்லை. கொஞ்சம் கழித்து, "16 அங்குல ரிம்மோடு 215/40 ஒருவர் தருகிறார், அதுவும் 578 வருகிறதே" என்றார். அங்கேதான் நான் தடுத்தேன். கணக்கு பொருந்துகிறது, கார் பொருந்தவில்லை. பக்கச்சுவர் 86 மி.மீ.தான் மிஞ்சும், குழியின் அடி முழுவதும் சஸ்பென்ஷனுக்குப் போகும். பியூஜோ 205 காரின் பின் அச்சில் உள்ள ஊசி பேரிங்குகள் சாதாரணமாகவே தேய்ந்துபோகக் கூடியவை, அவற்றின்மேல் கனமான சக்கரத்தை ஏற்றக் கூடாது. கடைசியில் பொறுமையாகக் காத்திருந்து 185/55-ஐயே வாங்கினார். எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

அளவு சரியாக இருந்தும் டயர் தவறாக இருக்க முடியும். வயதைச் சொல்கிறேன். பக்கச்சுவரில் டாட் என்ற குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. அதில் ஏறி ஓட்டாதீர்கள். பழைய கார்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. பட்டன் தேயாது; ரப்பர் இறுகிப்போகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், புது டயரில் நகம் சற்றே பதியும். பட்டனின் பள்ளங்களுக்குள்ளும் ரிம்மை ஒட்டிய பக்கச்சுவரிலும் மெல்லிய கோடுகளாக வெடிப்பு தெரிந்தால் ஆழத்தை அளந்து பயனில்லை. என் காரில் பத்து ஆண்டு வரை காத்திருக்க மாட்டேன். ஏழாவது ஆண்டில் மாற்றிவிடுவேன். முன்னால் புதிது, பின்னால் இறுகிய பழையது என்று 911-இல் போடுவதைவிட மோசமான சிக்கனம் இல்லை.

சரியான அளவில் புது டயர் இன்று கிடைக்கிறது என்பது நல்ல செய்தி. பிரெல்லி தன் சிஎன்36-ஐ 185/70, 215/60 ஜோடியாகவே மறுபடி வார்த்தது; அவானின் சிஆர்6இசட்இசட் வரிசையிலும் அந்த ஜோடி வந்தது. விலை கூடுதல்தான். தோற்றம் பழையது, உள்ளே ரப்பர் கலவை புதியது. தோள்பகுதி உருண்டிருப்பதால் பிடிப்பு விடும்போது படிப்படியாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு விடுகிறது. அந்தக் கால சஸ்பென்ஷன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். 16 அங்குலச் சக்கரக்காரர்களுக்கு 205/55 எங்கும் கிடைக்கும், 225/50 வரவரக் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் பின் டயரை முதலில் உறுதி செய்துகொண்டு, அதே நிறுவனத்தின் அதே வகையில் முன் டயரைத் தேடுங்கள். போர்ஷேவின் ஒப்புதல் பெற்ற டயரில் 'N' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். முன்னும் பின்னும் அந்த எண்ணும் ஒத்திருப்பது நல்லது.

ஜெர்மனியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை டூஃப் எனப்படும் கட்டாய வாகனத் தகுதிச் சோதனை. பதிவுச் சான்றில் இப்போது ஒரே ஓர் அளவுதான் அச்சிடப்படுகிறது. மாற்று அளவுகளுக்கு உற்பத்தியாளரின் ஒப்புதல் கடிதத்தைக் காட்ட வேண்டும். காரின் பழைய பதிவேட்டுப் பிரதி கையில் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே இரண்டாவது அளவும் எழுதியிருக்கும், எறிந்துவிடாதீர்கள்.

பொருத்திய பிறகு காற்றழுத்தம். 15 அங்குலத்தில் குளிர்ந்த நிலையில் முன் 2.0, பின் 2.4 பார். பல கடைகளில் நான்குக்கும் ஒரே அழுத்தம் அடித்துத்தான் அனுப்புவார்கள்; வீட்டுக்கு வந்ததும் நானே என் கேஜால் சரிசெய்கிறேன். நட்டுகள் 130 நியூட்டன் மீட்டர், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் கையால் முறுக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. புது டயரின் மேல்தோலில் வார்ப்பின் வழுவழுப்பு இருக்கும், முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு ஈரச்சாலையில் நிதானம் வேண்டும்.

ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பாருங்கள். எஸ்சியில் இருப்பது 165-15 அளவில் மடித்து வைத்த டயர். தேவைப்படும்போது கூடவே வரும் சின்ன கம்ப்ரஸரால் காற்றடிக்க வேண்டும். பல கார்களில் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் விரிக்கப்படாமலே கிடக்கிறது. என்னுடையதைக் கராஜில் விரித்துக் காற்றடித்தபோது மடிப்பு இருந்த இடமெல்லாம் வெடித்திருந்தது. இப்போது முன்பக்க டிக்கியில் அதற்குப் பதிலாக 185/70 டயரோடு ஒரு பழைய 6 அங்குல ரிம் இருக்கிறது. பெட்டி போட இடம் குறைவு, பரவாயில்லை.